இடது மூலைக்குப் போகும் பந்து

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி நல்ல கனம். அட்டையில் ஒரு பருந்து கூடைப்பந்தைக் காலில் கவ்விக்கொண்டு பறக்கிறது. என் பேத்தி இளவரசியை, வீட்டில் அரசி, கோச்சாக எடுத்திருக்கும் அணி அனுப்பியது. அணியின் பெயர் கொங்கன் ஹாக்ஸ். புனேக்காரர்கள். பெண்களுக்கென்று புதிதாக ஆரம்பித்திருக்கும் லீக்கில் ஆடப் போகிறார்களாம். ஒப்பந்தக் காகிதம் வந்த பையில் இரண்டு பனியன், ஒரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில், இந்த டைரி. மற்றதையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பால் கணக்கு எழுத வைத்துக்கொள் அம்மாச்சி என்று டைரியை மட்டும் என் மடியில் போட்டாள்.

பால் கணக்கு எழுதவா இவ்வளவு வழவழப்பான தாள்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் எழுத்து மணி மணியாக இருக்கும். எங்கேயும் நான் கைநாட்டு வைத்ததில்லை. ரேஷன் கடையில் இப்போது எல்லாரையும் விரல் வைக்கச் சொல்கிறார்கள், அது வேறு விஷயம்.

போன வாரம் மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில் வைத்து அரசி கையெழுத்துப் போட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு. ஆடி பிறந்த பிறகு பிள்ளையை வெளியூர் அனுப்பமாட்டேன் என்று நான் சொன்னதை அவள் அப்படியே இங்கிலீஷில் மேனேஜர் குல்கர்னியிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, ஜூலை பதினான்கே வந்து சேரட்டும் என்று தேதியை மாற்றினார். ஆகவே அந்த ஒப்பந்தத்தில் என் பேச்சும் ஒரு வரி இருக்கிறது.

சீனியம்மாளிடம் சொன்னேன். இஸ்திரிக்காரனிடம் சொன்னேன். பால் சொசைட்டியில் நின்றவர்களிடமும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, கேட்டார்கள், சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

புளி கொட்டை எடுத்து உருண்டை பிடித்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

எங்கள் வீட்டுப் பின்சன்னலைத் திறந்தால் கூடைப்பந்து கோர்ட். இடையில் ஒரு குட்டைச் சுவர்தான். காலையிலும் சாயந்திரமும் அரசி அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பாள். நடுவில் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை. பந்துச் சத்தம் கேட்டால் எனக்குக் கடிகாரம் தேவையில்லை.

இன்று மத்தியானம் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது பந்து தட்டும் சத்தம் கேட்டது. ஒரே பந்து. தட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வலைக்குள் விழுகிற சத்தம். திரும்பவும் தட்டல்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட கழுதை எது என்று பார்க்கச் சன்னலுக்குப் போனேன். சிமெண்டுத் தரையில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. கோர்ட்டில் ஒரு காக்கை கூட இல்லை. கேட்டில் பூட்டுத் தொங்கியது. இந்தப் பக்கத்து வளையத்தின் வலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சுவரோரத்து வேம்பில் ஓர் இலை அசையவில்லை.

திரும்பி வருவதற்குள் கத்தரிக்காய் கறுத்துவிட்டது. வயசானால் காது இப்படித்தான் ஏமாற்றும். அரசியிடம் சொல்லவில்லை. ஊருக்குப் போகிற பிள்ளையிடம் இதை எதற்குச் சொல்ல?

ஜூன் 12, வியாழன்

சீனியம்மாள் எதிர் வீட்டுக்காரி. நல்லது நடந்தால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் தூங்கமாட்டாள். இன்று வந்து உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"சாமிகிட்ட பூக் கேட்டீங்களா மதினி?"

கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் முதலில் காளியம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். இலைப் பொட்டணம் இரண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி. அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. காரியத்துக்கு முன்னால் கேட்க வேண்டும். இங்கே கையெழுத்து முதலில் விழுந்துவிட்டது. காரில் கூட்டிப்போனார்கள், ஜூஸ் கொடுத்தார்கள், எனக்கும் ஞாபகம் இல்லாமல் போயிற்று.

அரசியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கேட்டுவிடலாம் என்றாள். அவளுக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சிவப்பு வந்தது. நாங்கள் மீறினோம். அரசி நடக்கப் பழகும் முன்பே என் வீட்டுக்கு வந்துவிட்டாள், வளர்த்தது நான். அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

செவ்வரளி வாங்கி வரட்டுமா என்று சீனியம்மாள் போகும்போது கேட்டாள். வேண்டாம் என்றேன். வாசலில் நந்தியாவட்டை கொட்டிக் கிடக்கிறது, கை நிறையப் பறித்துவிட்டேன். இரண்டு பொட்டணத்தையும் நானே கட்டினேன். வேறு யாரையும் கட்ட விடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கோவிலில் கூட்டம் இல்லை. பொட்டணங்களை அம்மன் காலடியில் நானே வைத்தேன். பூசாரி தீபாராதனை காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். அரசியை எடுக்கச் சொன்னேன். நான் நிம்மதியாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் வாழைநாரைப் பிரித்தாள். முடிச்சு என் முடிச்சுதான், இரட்டைச் சுற்றுச் சுற்றி உள்ளே இழுத்தது. இலை விரிந்தது. உள்ளே ஒரே ஒரு செவ்வரளி. காம்பில் ஈரம்.

அரசி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பூவைத் தன் விசில் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது, அதற்குப் பிறகு இன்றுதான்.

இன்னொரு பொட்டணத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் பிரித்துப் பார்த்தேன். நந்தியாவட்டை. நான் வைத்தபடியே இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

அரசி சரியாகச் சாப்பிடவில்லை. ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தேன், பாதி அப்படியே இருந்தது. குல்கர்னி போன் செய்தார். விமான டிக்கெட் போட வேண்டுமாம். அப்புறம் சொல்கிறேன் என்றாள் போலிருக்கிறது. அவள் இங்கிலீஷ் பேசும்போது குரலே வேறு மாதிரி, டி.வி.யில் பேசுகிறவர்கள் மாதிரி இருக்கும்.

கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோவை இன்று இறக்கித் துடைத்தேன். மாவட்டக் கோப்பை வாங்கியபோது எடுத்தது. நடுவில் அரசி. பக்கத்தில் கோப்பையைப் பிடித்திருக்கிறவள் முத்துப்பேச்சி. நோஞ்சான் பிள்ளை, ஆனால் இடது மூலையிலிருந்து பந்தைப் போட்டால் வளையத்தில் படாமல் வலைக்குள் விழும். ஆட்டத்துக்கு முன்னால் காளியம்மன் கோவிலுக்கு ஓடிப்போய் ஒரு செவ்வரளியை எடுத்துக் காதோரம் செருகிக்கொள்வாள். சாமிக்கு வைக்கிற பூவைத் தலையில் வைக்காதே என்று பூசாரி திட்டுவார். கேட்கமாட்டாள். போட்டோவிலும் அந்தப் பூ இருக்கிறது.

துடைத்து மாட்டிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

அரசி பள்ளிக்கூடம் போனதும் நான் மட்டும் கோவிலுக்குப் போனேன். இடுப்பு வலியைப் பார்த்தால் ஆகுமா? முதல் தடவை எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. பூக்காரியின் கூடை ஏதாவது பக்கத்தில் இருந்திருக்கும். இந்த முறை நந்தியாவட்டையைப் பறித்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துக் கட்டினேன்.

நானே எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

மற்றதையும் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

இரண்டையும் கோவில் கிணற்றில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மத்தியானம் பந்துச் சத்தம் கேட்டது. நான் சன்னலுக்குப் போகவில்லை.

ஜூன் 18, புதன்

இடுப்பு வலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

அரசி புனேக்காரர்களுக்கு எழுதிவிட்டாள். வர முடியாது, மன்னிக்க வேண்டும் என்று. எழுதி அனுப்பிய பிறகுதான் என்னிடம் சொன்னாள். நான் தோசைக் கரண்டியோடு நின்றேன். கையெழுத்துப் போட்டாயே என்றேன். "போட்டேன் அம்மாச்சி. இப்ப இல்லேங்குறேன்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பூவைத்தான் சொல்லப் போகிறாள், பூவைப் பற்றிப் பேச்சு எடுக்க எனக்கு இஷ்டமில்லை.

குல்கர்னி போனில் சத்தம் போட்டது அடுப்படி வரைக்கும் கேட்டது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் திட்டுவது தெரியாதா? அறிவித்தாயிற்று, பேப்பரில் வந்தாயிற்று, இப்போது பின்வாங்கினால் இனி எந்த லீக்கிலும் உன் பெயரைச் சேர்க்கமாட்டார்கள் என்றாராம். அவள் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

ஜூன் 21, சனி

பேப்பரில் கடைசிப் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கிறான். ஒப்பந்தம் செய்த பயிற்சியாளர் திடீர் விலகல். திடீர் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ திருடிவிட்டு ஓடினவளைச் சொல்வது மாதிரி.

இஸ்திரிக்காரன் கேட்டான். பேத்திக்கு உடம்பு சரியில்லை என்றேன். பால் சொசைட்டியில் கேட்டார்கள், அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றேன். சீனியம்மாள் இரண்டையும் கேட்டுவிட்டு வந்து நின்றாள்.

"பேத்தி ப்ளேன்ல போறான்னு ஊரெல்லாம் சொன்னீங்க மதினி. இப்ப எதுல போறா?"

"உன் மகன் டவுன் பஸ்ஸுல போயி மூணு வேலைய விட்டுட்டு வந்தான்ல, அதுல" என்றேன். காப்பி கொடுக்கவில்லை.

கோர்ட்டை நடத்துகிற கிளப்பின் தலைவரும் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு மாறினால் நாளைக்கு நம் பிள்ளைகளை எவன் எடுப்பான் என்று அரசியிடம் கேட்டார். என் பேத்தி தலை குனிந்து நின்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஜூன் 22, ஞாயிறு

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

முத்துப்பேச்சி செத்துப்போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. டெங்கு. மாநிலப் போட்டிக்குப் பெட்டி கட்டி வைத்திருந்த பிள்ளை. தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அவள் தாய் மருந்து வாங்கப் போயிருந்த நேரம். அரசி கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சலில் கண் செருகியிருந்தது. அந்த நிலையிலும் ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்டது.

"என் எடத்துல யாரப் போடுவீங்க மிஸ்?"

யாரையும் போடமாட்டேன் என்று அரசி சொன்னாள். நீ வருகிற வரைக்கும் உன் இடம் அப்படியே இருக்கும், நானும் எங்கேயும் போகமாட்டேன், நீ வா. இப்படித்தான் சொன்னாள். நோயாளிப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வார்கள்? நானும்தான் பக்கத்தில் நின்று, ஆமாம் தாயி, உங்க மிஸ் எங்க போகப் போறா, கஞ்சியைக் குடி என்றேன்.

மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

சும்மா சொன்னதுதானே. காகிதமா, கையெழுத்தா.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அரசி வீட்டில் இருந்தாள். சாப்பாடு முடிந்து நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

குல்கர்னி காலையில் பேசினாராம். முதலாளி இன்னொரு யோசனை சொல்லியிருக்கிறார், இன்று சாயந்திரத்துக்குள் மனசு மாறினால் எழுதிய கடிதத்தைப் பார்க்காத மாதிரி கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்றாராம். மூன்று மணிக்குத் திரும்பக் கூப்பிடுவார். சொல்லிவிட்டு அவளும் முறத்தில் கையை வைத்துக் கல் பொறுக்கினாள். ஒரு கல் கூட எடுக்கவில்லை, அரிசியைத் தள்ளித் தள்ளி விட்டாள்.

"அம்மாச்சி, ஒன்னு கேப்பேன். கோவிக்கக் கூடாது."

"கேளு."

"நான் போயிட்டா தனியா கெடக்கணுமேன்னுதான ரெண்டு பொட்டணத்துலயும் செவப்பு வச்ச?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது அடைத்தது. அவள் தலையைத் தூக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். கோவிலில் இலையைப் பிரித்தபோதே தெரிந்துவிட்டதாம், நான் நின்ற நிற்பிலேயே ஏதோ செய்திருக்கிறேன் என்று. என் வாயால் போகாதே என்று சொல்ல மானம் இடம் கொடுக்காது, அதனால் சாமியைச் சொல்ல வைத்தேன் என்று நினைத்துக்கொண்டாளாம். அதற்காகத்தான் வேண்டாம் என்று எழுதினாளாம். கோபமே இல்லையாம்.

கோபமில்லையாம். ஊர் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தவள் நான். அவளைத் தடுத்தவள் நானா?

"ரெண்டுலயும் வெள்ளடி" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வாசல்ல பூத்த நந்தியாவட்ட. உங்கம்மாவுக்கு வந்த மாதிரி உனக்கும் செவப்பு வந்துறக் கூடாதுன்னு ரெண்டுலயும் வெள்ளைய வச்சேன். நீ போகணும்னுதான்டி வச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. எத்தனை நாளாக அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. "அப்ப நான் போலாம்ல?" என்றாள். எட்டு வயதில் கோர்ட்டுக்குப் போகட்டுமா என்று இப்படித்தான் கேட்பாள். அவளுக்குப் போக வேண்டும் என்று அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. என்னிடம் காட்டிக்கொள்ளவே இல்லை.

போ என்றேன்.

எழுந்து போனை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். "அப்ப அந்தப் பூவு?" என்றாள்.

அவள் ஆணியில் தொங்கிய விசில் பையை எடுத்துக் கவிழ்த்தாள். செவ்வரளி கையில் விழுந்தது. இத்தனை நாளில் கருகிச் சருகாகியிருக்க வேண்டும். காலையில் பறித்தது போலிருந்தது. காம்பில் ஈரம் காயவில்லை.

அப்போது பந்துச் சத்தம் கேட்டது.

ஒரே பந்து. தட்டிக்கொண்டே வந்தது. சன்னலுக்கு நேராக வந்து நின்றது. பிறகு போடுகிற சத்தமும் இல்லை, வலைச் சத்தமும் இல்லை. டீச்சர் பார்க்கிறாரா என்று பிள்ளைகள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி ஓர் அமைதி.

"உனக்கும் கேக்குதா?" என்றாள் அரசி.

"மத்தியானத்துல கேக்கும்" என்றேன்.

"எனக்கு அவ செத்த மாசத்துலருந்தே கேக்குது அம்மாச்சி. மதுரையில கையெழுத்துப் போடுறப்ப ஒரு நிமிசம் நின்னுச்சு. விட்டுருச்சுன்னு நெனச்சேன்."

போன் அடித்தது. குல்கர்னியின் பெயர் அதில் தமிழில் வந்தது, எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுடி என்றேன். எடுத்துப் பேசு, நான் கோர்ட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் சொல்கிறேன், அது என் கஞ்சியைக் குடித்த பிள்ளை, நான் சொன்னால் கேட்கும் என்றேன். நிஜமாகவே போயிருப்பேன்.

அரசி போனைப் பார்க்கவில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கயும் போகமாட்டேன்னு சொன்னேன்ல" என்றாள். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை.

போன் ஓய்ந்தது. அவள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செருப்புக் கூடப் போடாமல் வெயிலில் இறங்கிப் போனாள். கேட் திறக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து விசில். அப்புறம் பந்து தட்டத் தொடங்கியது.

நான் மிச்ச அரிசியையும் பொறுக்கி முடித்தேன். போன் மறுபடி ஒரு தடவை அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

பனியன், தொப்பி, பாட்டில், பை எல்லாவற்றையும் கட்டிக் கூரியரில் திருப்பி அனுப்பினாள். டைரியையும் கேட்பார்களா என்றேன். நீ எழுதி வைத்திருப்பதைப் படித்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்றாள். அதுவும் சரி. பருந்துப் படத்தின் மேல் காலண்டர் தாளை அட்டையாகப் போட்டுவிட்டேன்.

ஜூலை 5, சனி

நந்தியாவட்டையில் அசுவினிப் பூச்சி விழுந்திருக்கிறது. வேப்பெண்ணெய் தெளித்தேன். இப்போதெல்லாம் அரசி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறாள். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கோர்ட்டுக்குப் போய் வருகிறாள். வெயிலில் முகம் கறுத்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

இன்றுதான் அவள் புனேயில் இருந்திருக்க வேண்டிய நாள். சாயந்திரம் ஒரு தூக்குவாளியில் மோர் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். சன்னலில் பார்ப்பதோடு சரி, உள்ளே போய் உட்கார்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று.

நான்கு பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைகிறதே, வெளியே இரண்டு பிள்ளைகள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்த கேப்டன் ஜெனிபரிடம் கேட்டேன். அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"இல்ல பாட்டி, சரியாத்தான் இருக்கு. இடது மூல பேச்சியக்கா எடம். நாங்க யாரும் அங்க நிக்கமாட்டோம். நின்னாலும் ஒரு மாதிரியா இருக்கும், இந்த வெயில்லயும் வேர்க்காது."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில்தான் ஒருத்திக்கொருத்தி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜெனிபர் நான்கு பேர் பக்கத்தில் ஒருத்திக்குப் பதிலாக உள்ளே இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் கையில் பந்து வந்தது. இரண்டு பேர் மறித்தார்கள். அவள் திரும்பிக் கூடப் பார்க்காமல் இடது மூலைக்கு வீசினாள். அங்கே யாரும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டிச் சுவரில் அடித்திருக்க வேண்டும். வெயில் எதிரே இருந்தது, கண்ணில் வியர்வை இறங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பந்து வலையிலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. வளையத்தில் பட்ட சத்தம் இல்லை.

யாரும் கத்தவில்லை, கைதட்டவில்லை. எதிர்ப்பக்கத்துப் பிள்ளை பந்தை எடுத்து வெளியிலிருந்து உள்ளே போட்டாள். அரசி மட்டும் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினாள். இடது மூலையைப் பார்த்து, எல்லாரையும் திட்டுகிற அதே குரலில் சொன்னாள்.

"முட்டி மடங்கல. எத்தன தடவ சொல்றது?"

உடம்பெல்லாம் சில்லென்று ஆயிற்று. ஆனாலும் பொய் சொல்லமாட்டேன், எப்பேர்ப்பட்ட பந்து அது. என் பேத்தி சொல்லிக்கொடுத்தது. புனேக்காரர்கள் காசைக் கொட்டினாலும் அப்படிப் போட ஓர் ஆள் கிடைக்காது. பிள்ளைகளுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன். வாசலில் நின்ற சீனியம்மாள் என்ன மதினி விசேஷம் என்றாள். பேத்தியின் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கு மேல் அவளுக்குச் சொல்வானேன்?

விளக்கு வைத்த பிறகு அரசி வந்தாள். கால் கழுவிக்கொண்டே ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டாள். முட்டி சரியாக மடங்கவில்லை, நீ சொன்னது சரிதான் என்றேன். சிரித்துவிட்டாள். அவள் சிரித்து ஒரு மாதமாகிறது.

சாப்பாடு போட்டேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனதில் ஒன்று வந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை. ஹாக்ஸ்காரர்கள் காகிதத்தில் இரண்டு வருஷம் என்று போட்டிருந்தார்களே, பேச்சியிடம் எதுவரைக்கும் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

அரசி சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்தாள்.

"அத அவ கேக்கலயே அம்மாச்சி" என்றாள்.

நான் எழுந்து போய்ப் பின்சன்னலைச் சாத்தினேன்.